முன் ஏர் போன வழி

முன் ஏர் போன வழியில்தான் பின் ஏர் போகும் என்பார்கள். ஜீப்புக்கும் அதுதான் லட்சணம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரை தார்ச் சாலை உண்டு. அதை விட்டுச் சில ஊர்களுக்குத் திரும்பும் மண்பாதையில் ஒரு மழை பெய்யட்டும், விஷயம் புரியும்.

முன் சக்கரங்கள் சேற்றை அமுக்கித் தடம் போடுகின்றன. முன் இருசும் பின் இருசும் ஒரே அகலமானால், பின் சக்கரங்கள் அதே தடத்தில் சுகமாக வந்துவிடும். அகலம் மாறினாலோ அவை புதுத் தடம் வெட்ட வேண்டும். எஞ்சின் திணறும், டீசல் கரையும், வண்டி புதையும். பின்புறம் அகலமாயிருந்தால் இன்னும் ஆபத்து. ஓட்டுகிறவர் முன் சக்கரத்தை வைத்து ஓரத்தைக் கணிக்கிறார். பின் சக்கரமோ பள்ளத்தின் விளிம்பில்!

பெரிய கம்பெனி வண்டியிலும் இந்த வித்தியாசம் உண்டு. 2007-இல் டொயோட்டா, லாண்ட் குரூசர் 70 வரிசையில் பெரிய எஞ்சின் வைக்க முன்புறத்தை அகலமாக்கிற்று. பின்புறம் 95 மில்லிமீட்டர் குறுகலாக நின்றது. ஆஸ்திரேலியாவில் பலர் கைப்பணம் போட்டுப் பின்புறத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய ஜீப்புக்கு வேறு வண்டியின் இருசை மாட்டப் போகிறானா? முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்ற விடாது. அடுத்து, ஒரு டயரின் நடுவிலிருந்து எதிர் டயரின் நடு வரை, முன்னும் பின்னும் அளக்கட்டும்.

ரவிக்கைக்கு இரண்டு கையும் ஒரே அளவா என்று பார்க்கிறவர்கள்தானே நாம்? தையல் மெஷின் இழுப்பறையிலுள்ள நாடாவே போதும்.