துளை சிறியது; ஆபத்து சிறியதல்ல!
கொழுப்பை உறிஞ்சும் ஆபரேஷனுக்குப் போகுமுன் யோசியுங்கள்

2005-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஸ்பெயின் நாட்டில் கடலோரமாக உள்ள மார்பெயா நகரம். அங்கு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு பெண்மணி வந்தார். அவர் பெயர் ஸ்டெல்லா. அப்போது நைஜீரியா நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஒபசாஞ்சோவின் மனைவி.

அவர் நோய் தீர்க்க வரவில்லை. கொழுப்பைக் குறைத்து, உடலை எடுப்பாக்கிக் கொள்ளவே வந்தார்.

ஆபரேஷன் நடந்தது. ஆனால் அவர் பிழைக்கவில்லை. அக்டோபர் 23-ந் தேதி இறந்து போனார். இன்னும் மூன்று வாரத்தில் அவருக்கு 60 வயது நிறைந்திருக்கும்!

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கொழுப்பை உறிஞ்சும் குழாய், தோலுக்கு அடியில் போகாமல் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது என்பது தெரிந்தது. குடலில் ஓட்டை. ஈரலில் காயம். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு 2009-ம் ஆண்டில் ஒரு ஆண்டு ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

பணத்துக்குப் பஞ்சம் இல்லாத ஒருவருக்கே இந்தக் கதி. அப்படியானால், விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டாமா?

எப்படிச் செய்கிறார்கள்?

இந்த ஆபரேஷனுக்கு "லைபோசக்ஷன்" என்று பெயர். 1970-களில் இத்தாலியிலும் பிரான்சிலும் டாக்டர்கள் இந்த முறையை வகுத்தார்கள்.

முதலில் தோலில் சிறு துளை போடுவார்கள். உப்பு நீரில், மரத்துப் போகும் மருந்தையும் ரத்தப் போக்கைக் குறைக்கும் மருந்தையும் கலந்து உள்ளே செலுத்துவார்கள். பிறகு மெல்லிய குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் அசைப்பார்கள். கொழுப்பு உடைந்து குழாய் வழியாக வெளியே வரும்.

துளை சிறியதுதான். அதனால், "இது அழகு நிலையத்துக்குப் போய் வருவது போல" என்று பலர் நினைத்து விடுகிறார்கள். அங்கேதான் தவறு!

உள்ளே போன குழாயின் முனை, டாக்டரின் கண்ணுக்கு நேராகத் தெரியாது. கையின் பழக்கம்தான் வழிகாட்ட வேண்டும். கை தவறினால் தோல் கருகலாம், குடல் கிழியலாம்.

வரக்கூடிய தொல்லைகள்

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தாலும் சில தொல்லைகள் உண்டு. உடம்பு வீங்கும். தோல் நீலம் பாரிக்கும். வலி இருக்கும். சில இடங்கள் மரத்துப் போகும். பல வாரங்கள் இறுக்கமான உடுப்பு அணிந்திருக்க வேண்டும். இவை பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும்.

சிலருக்குத் தோலுக்கு அடியில் நீர் கட்டும். சிலருக்குத் தோல் மேடு பள்ளமாகிவிடும். அழகைத் தேடிப் போனவர், இருந்த அழகையும் இழந்து திரும்புவார்.

உயிருக்கே உலை வைக்கும் ஆபத்துகளும் உண்டு. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக் கொள்ளலாம். கொழுப்புத் துணுக்குகள் ரத்தக் குழாயில் புகுந்துவிடலாம். செலுத்திய நீர் அதிகமாகி நுரையீரலில் தேங்கலாம். மரத்துப் போகும் மருந்து அளவு மீறினால் இதயத்தைத் தாக்கலாம். கிருமி புகுந்து உடம்பு முழுவதும் பரவலாம்.

அமெரிக்காவில் டாக்டர்களிடமே ஒரு கணக்கு எடுத்தார்கள். 2000-ம் ஆண்டில் அது வெளியானது. 1994 முதல் 1998 வரை நடந்த 4 லட்சத்து 96 ஆயிரம் ஆபரேஷன்களில் 95 பேர் இறந்திருந்தார்கள். அதாவது, சுமார் 5 ஆயிரம் பேருக்கு ஒருவர்! நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து இறந்தவர்களே அதிகம்.

அதன் பிறகு டாக்டர்கள் எச்சரிக்கையை அதிகமாக்கினார்கள். ஆபத்து குறைந்தது. ஆனால் மறைந்துவிடவில்லை.

நோய் குறையுமா?

"கொழுப்புப் போனால் சர்க்கரை நோயும் போகுமே!" என்று சிலர் நினைக்கலாம்.

இதையும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களுக்கு, ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். ரத்த அழுத்தம் குறையவில்லை. சர்க்கரையிலும் முன்னேற்றம் இல்லை. இந்த முடிவு 2004-ல் வெளியானது.

காரணம் என்ன? ஆபரேஷனில் போவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. குடலைச் சுற்றியும் ஈரலிலும் தங்கியிருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்தால் அதுவும் கரையும்.

ஆகவே, இது உடல் பருமனுக்கு வைத்தியம் அல்ல. அளவான உடம்பு உள்ளவருக்கு, எதற்கும் கரையாமல் ஓரிடத்தில் நிற்கும் கொழுப்பை எடுப்பதற்கு மட்டுமே ஏற்றது. பழைய சாப்பாடும் பழைய சோம்பலும் தொடர்ந்தால், கொழுப்பு வேறு இடத்தில் வந்து உட்கார்ந்து கொள்ளும்!

கேட்க வேண்டிய கேள்விகள்

அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றம் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு போவதுதான் குற்றம்.

ஆபரேஷன் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்தானா? மயக்க மருந்து டாக்டர் கூட இருப்பாரா? திடீரென்று நெருக்கடி வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? எத்தனை லிட்டர் எடுக்கப் போகிறார்கள்? இவற்றைக் கூச்சம் இல்லாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

இதய நோய், சர்க்கரை, புகைப் பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள், எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லாமல் போகாதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால், ஆபத்து நேரத்தில் உதவ ஆள் இருக்காது. ரத்தக் கட்டி அடைப்பு, வீட்டுக்கு வந்து சில நாட்கள் கழித்தும் வரக்கூடும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கடும் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தானே அது நடக்கும்?

இடுப்பு இரண்டு அங்குலம் பெருத்திருப்பதால் எந்த வீடும் இருண்டுவிடாது. அந்த வீட்டின் விளக்கு அணைந்தால்தான் இருண்டுவிடும்!