எவர்சில்வர் டம்ளர் கலைப்பொருளா?

நம் சங்கத்தில் ஒருநாள் மாலை உரையாடிக் கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர், "சோழர் செப்புத் திருமேனி கலை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெளிவரும் டம்ளர் எப்படி ஐயா கலையாகும்? அது வெறும் சாமான்" என்றார். பலர் தலையசைத்தனர். நாமும் வாளாவிருந்தோம். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அன்பரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மெழுகு வார்ப்பு முறையில் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். ஆகவே ஒவ்வொன்றும் தனிப்படைப்பு. மெய்யே. ஆனால் ஒன்றே ஒன்றாக இருப்பது அருமைக்கு இலக்கணமாகலாம், கலைக்கு இலக்கணமாகுமா? அரும்பொருட் காட்சியகங்களில் சோழர் காசுகளை வியந்து நோக்குகிறோம். அவை ஒரே அச்சால் பலவாக அடிக்கப்பட்டவை அல்லவா?

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. 1917-ஆம் ஆண்டு நியூயார்க்கில், கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பையும் ஏற்பதாக அறிவித்த கலைஞர் சங்கம் ஒன்றின் காட்சிக்கு, கடையில் விற்கும் பீங்கான் சிறுநீர்க் கலம் ஒன்று 'ஆர். மட்' என்ற புனைபெயர்க் கையொப்பத்துடன் வந்தது. சங்கத்தார் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தனர். அது மார்செல் துஷாம்ப் என்னும் கலைஞரின் செயலாகக் கலை வரலாற்றில் இடம்பெற்றது. மூலப்பொருள் தொலைந்துபோக, 1964-இல் புகைப்படத்தைப் பார்த்து அதன் படிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று இலண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பொருளைப் போலத் தோன்றுமாறு மண்ணால் செய்து வண்ணம் பூசிய படி அது! கலைஞன் தேர்ந்தெடுத்தால் எதுவும் கலையாகும் என்பது இக்கட்சியாரின் கொள்கை. அக்கலத்தைச் செய்த தொழிலாளி யார் என்று கேட்டவர் அரியர்.

இரு கட்சியாரும் பெயரைப் பார்த்தார்கள், பொருளைப் பார்க்கவில்லை. நாம் பொருளைப் பார்ப்போம். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வெளிப்புறமாக மடிந்திருக்கிறது. அம்மடிப்பைப் பற்றினால் சூடு விரலை அவ்வளவாகத் தாக்குவதில்லை. தகட்டின் கூர்மை உதட்டில் படுவதுமில்லை. டவராவின் அகன்ற வாய் காப்பியை விரைவில் ஆற்றுகிறது, சிந்தியதையும் ஏந்திக்கொள்கிறது. வேண்டாத கோடு ஒன்றில்லை. வேண்டியது எதுவும் குறையவில்லை. கலைக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா? தொழிற்சாலையில் பிறந்தவை அனைத்தும் கலை என்று நாம் சாதிக்கவில்லை. பிடி சுடும் கரண்டியும், ஊற்றினால் அடிவழியே ஒழுகும் குவளையும் கலையல்ல. கையால் செய்தவையாயினும் அல்ல.

இவ்வாறு பொருளைப் பார்க்கும் கண் நம்மவர்க்கு முன்பே வெளிநாட்டார்க்கு வாய்த்தது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், தம் 1958-ஆம் ஆண்டு அறிக்கையில் லோட்டா என்னும் செம்பைப் போற்றினர். எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி அமரும், எப்படி ஊற்றும், உலோகத்தைத் திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் வினவினர். தனியொருவர் வடித்ததன்று, தலைமுறை தலைமுறையாகப் பலர் வடித்தது என்று முடிவு கண்டனர். அவ்வறிக்கையை அடியொற்றி 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

பிறரைச் சாடும் நாமும் குற்றவாளிகளே. மாற்றலாகித் தில்லிக்கு வந்தபோது, பாட்டியார் சீராகக் கொணர்ந்த பித்தளைச் செம்பைப் பரணில் இடமில்லையென்று எடைக்குப் போட்டோம். தராசில் ஏறியது பித்தளை மட்டுமே. வடிவுக்கு விலை சொல்லக் கடைக்காரரும் அறியார், நாமும் அறியோம். அதன் கழுத்தில் பாட்டியாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. நம் வீட்டுப் பாத்திரங்களில் கொண்டவர் பெயர் உண்டு. கொடுத்தவர் பெயர் உண்டு. செய்தவர் பெயர் இல்லை. அலுவலக இருப்புப் பதிவேட்டிலும் நாற்காலிக்கு எண் உண்டு, தச்சருக்கு இடமில்லை. அப்பதிவேட்டை எழுதிப் பழகிய கை நம்முடையது.

ஆகவே, 'இது கலையன்று, சாமான்' என்று நாம் சொல்லும்போது டம்ளருக்கு ஓர் இழிவும் நேர்வதில்லை. இழிவு நேர்வது, பட்டறையில் நின்று அதன் விளிம்பை மடித்தவருக்கு. நம் பிள்ளைகள் ஓவியம் எழுதுவோரை மட்டுமே கலைஞர் என்று எண்ணி வளர்கிறார்கள் என்றால், அதைக் கற்பித்தவர்கள் நாமே.

வரும் பொங்கல் விழாக் காட்சியில் தஞ்சாவூர் ஓவியத்துக்கு அருகே ஒரு டவராவையும் டம்ளரையும் வைக்கச் சங்கத்தார் முன்வரவேண்டும். 'செய்தவர் பெயர் அறியோம்' என்று அடியில் எழுதி வைக்கட்டும். அந்த அறியாமை யாருடையது என்பதைப் பார்ப்பவர் எண்ணிப் பார்க்கட்டும்.