கொசுறு கேட்பது குற்றமா?

ஏழை வியாபாரியிடம் பேரம் பேசாதே என்னும் அறிவுரை அண்மைக்காலமாக நம்மவரிடையே ஒரு புதிய அறமாகவே உருவெடுத்திருக்கிறது. கீரை விற்கும் மூதாட்டியிடம் பத்துக் காசு குறைக்கச் சொல்பவன் கல்நெஞ்சன். குளிரூட்டிய பேரங்காடியில் விலையைப் பாராமலே தள்ளுவண்டியை நிரப்புபவன் கனவான். சென்ற மாதம் ஒரு ஞாயிறு நண்பகலில், சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில், தக்காளிக் குவியல் ஒன்றை இரண்டு வெள்ளிக்குப் பேசி முடித்து, மேற்கொண்டு ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கேட்டு வாங்கினோம். உடன் வந்த நண்பர் இந்த அறத்தைக் கொண்டு நம்மைச் சாடினார். அவர் சிறுகதை எழுதுபவர். அவர் கதைகளில் தேக்கா அடிக்கடி வரும். மல்லிகை மணக்கும், மீன் நாறும். ஒரு கிலோ முருங்கைக்காய் என்ன விலை என்பது மட்டும் எந்தக் கதையிலும் வராது.

அவருக்குரிய மறுப்பை இங்கே பதிந்துவைக்கிறோம்.

விலைச்சீட்டு ஒட்டிய பண்டத்திலும் பேரம் உண்டு. அது நம் கண்ணில் படாத இடத்தில், நமக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஊரெங்கும் கிளை பரப்பிய நிறுவனம் ஒன்று தோட்டக்காரனிடம் டன் கணக்கில் கொள்முதல் பேசும்போது, 'கட்டாது, போங்கள்' என்று சொல்லும் துணிவு அவனுக்கு எவ்வளவு இருக்கும்? தேக்காவின் காய்கறிக்காரர் நம்மிடம் அதைத் தாராளமாகச் சொல்வார். பல முறை சொல்லியிருக்கிறார். நாமும் முகம் சுளிக்காமல் அடுத்த கடைக்கு நகர்ந்திருக்கிறோம். பேரங்காடியில் நாம் யாரையும் கசக்கவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம், கசக்கும் வேலையை நமக்காக வேறொருவர் செய்து முடித்துவிட்டார் என்பதுதான்.

சந்தையின் விலை கடிகாரத்தோடு சேர்ந்து நகர்வது. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலும் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலும் ஊர் உறங்கும் நேரத்தில் சரக்குக் கைமாறுகிறது. விடிவதற்குள் அது கடைப்பலகைக்கு வந்துவிடும். காலை ஏழு மணிக்கு அதற்கு ஒரு விலை. பத்து மணிக்கு ஒன்று. நண்பகலில், சற்றே வதங்கியதையும் ஒருபக்கம் நசுங்கியதையும் சேர்த்துக் குவியல் கட்டும்போது வேறொன்று. அந்தக் குவியலைக் கட்டியது நாமல்லர், வியாபாரியே. நண்பரின் நியாயங்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் கடைசியில் சொன்னார்: "ஐயா, நாளைக்குத் திங்கக்கிழமை, கடை லீவு. இவங்க எடுக்கலேன்னா இது குப்பைக்குத்தான் போகும்." நண்பர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் பட்டினப்பாலையையும் துணைக்கழைத்தார். புகார் வணிகரின் நடுவுநிலையை அந்நூல் போற்றுகிறது என்பது உண்மை. ஆனால் நடுவு என்று ஒன்று இருக்கவேண்டுமானால் இரண்டு பக்கம் வேண்டாமா? கேட்பவன், கொடுப்பவன் இருவரும் எதிரெதிரே நின்றால்தானே அது அமையும்? மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. இங்கே மலாய்க்காரர் 'பசார் மாலாம்' என்பதும் சொல்லுக்குச் சொல் அந்த இரவங்காடிதான். சங்க இலக்கிய மேடையில் அல்லங்காடியைச் சிலாகித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் பசார் மாலாமைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்பவர்களை நாம் அறிவோம்.

தேக்கா தன் பெயரையே பேரம் பேசி மீட்ட இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஹொக்கியன் மொழியில் சிறுமூங்கிலடி என்று பொருள்படும் பெயர் அது. 1982இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அதையே மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' என்று எழுதிவைத்தார்கள். சனங்கள் தேக்கா என்பதை விடவில்லை. 2000இல் பலகையும் தேக்கா ஆயிற்று.

எல்லாப் பேரத்துக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. காலை ஏழு மணிக்கு, அப்போதுதான் வந்திறங்கிய வவ்வால் மீனைப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, செவுளைக் கிளறிப் போட்டுப் போகிறவர்களைக் கண்டால் நமக்கும் கோபம் வரும். ஆள் பார்த்து விலை சொல்லும் கடைகளும் உண்டு. புதிதாக வந்த பணிப்பெண்ணுக்கு ஒரு விலை, பழகியவருக்கு ஒரு விலை. இந்த அநியாயத்தைத் தடுப்பதும் பேரம் தெரிந்த நாவே ஆகும். கேட்கத் தெரியாதவரே அங்கே அதிகம் கொடுக்கிறார்.

நம்முள் ஒருவர் வேலையிழந்து ஏழு மாதம் வீட்டிலிருந்தார். இரண்டு பிள்ளைகள், ஒற்றைச் சம்பளம். பொருள் சேவை வரி 2024 தொடக்கத்தில் 9 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆண்டு விற்பனை பத்து இலட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு வியாபாரி அவ்வரிக்குப் பதிந்துகொள்ளக் கடமைப்பட்டவரல்லர். ஆகவே அவருடைய கணக்கில் அப்படியொரு வரி தனியே ஏறுவதில்லை. அந்த ஏழு மாதமும் அவ்வீட்டில் குழம்பு கொதித்தது நண்பகல் குவியல்களாலும், கேட்காமலே பைக்குள் விழுந்த இஞ்சித் துண்டு, பச்சை மிளகாய்க் கொசுறாலுமே. அங்கே நின்று விலை கேட்பவரை வெட்கப்படச் செய்யும் அறம் யாருடைய வயிற்றை நிரப்புகிறது?

அரசு வீட்டுக்கு வீடு வழங்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளில் 2023 முதல் பாதியைப் பேரங்காடிகளில் செலவிடலாம். மறுபாதி அங்காடிக்காரர்களுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும் உரியது. சிறு வியாபாரிகளுக்காக இவ்வளவு உருகும் நண்பரிடம், அந்த மறுபாதியை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டோம். நேரமில்லாமல் காலாவதியாக விட்டுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மீண்டும் வருமாறு அழைத்திருக்கிறோம். பையை அவரே கொண்டுவரட்டும். திங்களன்று வந்து நின்றால் அம்மாளின் கடை பூட்டியிருக்கும்.