வெள்ளத்தில் மூழ்கிய கார் ஏலத்தில் சல்லிசு விலை! ஆர்.சி. புக்கை பார்த்துட்டு கையை தூக்குங்க

சென்னை:
2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழை கொட்டியபோது பள்ளிக்கரணை பக்கம் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதை டி.வி.யில் பார்க்காதவர்கள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதைதான். தண்ணீர் வடிந்தது. அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போகின்றன?

இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தை ரிப்பேர் செலவு தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. 2 லட்சம் மதிப்புள்ள காருக்கு மெக்கானிக் எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்தை தாண்டிவிட்டால் கதை முடிந்தது. உரிமையாளருக்கு பணம், வண்டி ஏலத்துக்கு.

இந்த ஏலம் தெருமுனையில் தமுக்கு அடித்து நடப்பதல்ல. பெரும்பாலும் ஆன்லைன். டெபாசிட் கட்டி பதிவு செய்த வியாபாரிகள்தான் விலை கேட்க முடியும். அவர்களிடம் இருந்து கைமாறித்தான் சாதாரண ஆளிடம் வருகிறது. அப்போது அது 'வெள்ளத்தில் மூழ்கிய கார்' இல்லை. 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி'!

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்த கோடு இருந்தால் வண்டி குளித்திருக்கிறது என்று அர்த்தம். கார்பெட்டை தூக்கினால் துரு, மக்கிய வாடை. என்ஜினை சரி செய்துவிடலாம். ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும்தான் ஆறு மாதம் கழித்து கழுத்தை அறுக்கும்.

ஆர்.சி.க்குத்தான் கிராக்கி

ஆனால் ஒயரிங்கை விட பெரிய வில்லங்கம் ஆர்.சி. புக்கில் இருக்கிறது.

இனி ஓடவே ஓடாது என்ற அளவுக்கு நாசமான வண்டி பற்றி 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவித்து பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகன சட்டம் 55-வது பிரிவு. எத்தனை பேர் செய்கிறார்கள்? 29, 30-ம் நம்பர் பாரங்களில் வெறுமனே கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இங்கேதான் கில்லாடிகள் புகுந்தார்கள். நொறுங்கிய காரை ஏலத்தில் எடுப்பது. அதே மாடல், அதே கலர் காரை எங்காவது திருடுவது. சேசிஸ் நம்பரை வெட்டி ஒட்டினால் திருட்டு வண்டிக்கு 'ஒரிஜினல்' ஆர்.சி. ரெடி! வடமாநிலங்களில் இந்த வேலை பலமுறை பிடிபட்டது. திருட்டு வண்டிகளை பிரித்து மேய்வதற்கு பேர் போன மீரட் சோட்டிகஞ்ச் சந்தைக்கு 2021 டிசம்பரில் பூட்டே போட்டார்கள்.

விற்றவருக்கும் நிம்மதி இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறிப் போயிருந்தாலும் நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

போலீஸ் ஏலம் எப்படி?

அன்றாடங்காய்ச்சி ஆட்கள் அதிகம் எட்டிப் பார்ப்பது போலீஸ் ஏலத்தைத்தான். சாராயம் கடத்தி பிடிபட்ட பைக், கேட்பாரற்று கிடந்த ஸ்கூட்டர், கழித்துக் கட்டிய அரசு ஜீப். அறிவிப்பு பேப்பரில் வரும். மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் வண்டிகளை முன்கூட்டியே பார்க்க நாள் குறிப்பார்கள். முன்பணம் கட்டினால் டோக்கன். எடுத்த விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. 'உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வரி இருக்கும். சாவி போட்டு ஓட்டிப் பார்க்கும் வேலை எல்லாம் கிடையாது.

அறிவிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஓட்டுவதற்கு தருகிறார்களா, இரும்புக்கு தருகிறார்களா? பழைய இரும்பு என்று போட்டிருந்தால் ரோட்டில் ஓட்ட முடியாது, அடிமாட்டு விலைதான். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்பதால் அவையும் உடைக்கத்தான் போகின்றன.

ஓட்டுவதற்கு எடுத்தவர்கள் 30 நாளைக்குள் 32-ம் நம்பர் பாரத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு போட வேண்டும். விற்பனையை உறுதி செய்த உத்தரவு, ஏலத்துக்கு அனுமதி கொடுத்த உத்தரவின் நகல் இரண்டும் கண்டிப்பாக வேண்டும். வெறும் பணம் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு அலைந்தால் பெயர் மாறாது. எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரை தட்டி பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போவது நல்லது. அதற்கு காசு செலவில்லை.

நல்ல வண்டி ஏன் ஏலத்துக்கு வருவதில்லை? பறிமுதல் வண்டிகளை ஸ்டேஷனில் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், கேட்டு யாரும் வராவிட்டால் ஏலம் விடுங்கள், அந்த உத்தரவை 6 மாதத்துக்குள் போடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2002-ல். இன்றைக்கும் ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்துக் கிடக்கும் பைக்குகளை எண்ணி முடியாது. பேட்டரி போய், டயர் போய், கார்புரேட்டரும் காணாமல் போன பிறகுதான் ஏல அறிவிப்பு வருகிறது. அப்போது அதை புதுப்பேட்டைக்காரர் மட்டும்தான் எடுக்க முடியும்.