எந்தத் தைராய்டு?

இந்த வாரம் குடவோலை பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். மே 1 கிராம சபைக்கு மானாம்பதியில் கூடியிருந்தோம். பேச எழுந்தவர்கள் எல்லாரும் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில்தான் தொடங்கினார்கள். பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை.

அப்போது வருகைப் பதிவேடு கைமாறி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கையெழுத்துப் போடக் குனிந்தார். பேனா முனை தாளில் நிற்கவில்லை. முதலெழுத்தின் சுழியே கோணிக்கொண்டு கட்டத்தை விட்டு வெளியே போனது. விரல்களில் மெல்லிய நடுக்கம், விடாமல்.

"இன்னாக்கா, கை இப்படி நடுங்குது?"

"ரெண்டு மாசமா இப்படித்தான் தம்பி. பசி பசின்னு தின்றேன், உடம்புல ஒட்டல. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சி. ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

கண்ணு பட்டிருக்கும் என்றார் ஒருவர். சர்க்கரை என்றார் இன்னொருவர். நரம்புத் தளர்ச்சி என்றும் ஒரு குரல். ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த இடத்தில் நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

இந்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தார். "தைராய்டுதானாம் தம்பி. எதிர்வீட்டுப் பொண்ணுக்கும் அதேதான். அவ டப்பாவுல இருந்து நாலு நாளா மாத்திரை போட்டுக்கினு வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சுரப்பு குறைவு. அவள் விழுங்குவது தைராக்சின், அதாவது அந்த ஹார்மோனேதான். அக்காவுக்கோ சுரப்பு அதிகம். எரிகிற அடுப்பில் நான்கு நாளாக எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், பாசத்தோடு.

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று ஊரே சொல்கிறது. தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது. தொண்டைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் உள்ள சுரப்பிக்குத்தான் அந்தப் பெயர். அது நோயின் பெயர் இல்லை. குறைவா, அதிகமா என்று சேர்த்துச் சொல்லாத வரை அந்தப் பேச்சுக்குப் பொருளே கிடையாது. ரிப்போர்ட் வேறு குழப்புகிறது. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு இடும் கட்டளை. தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் கட்டளை அடங்கிப் போகும். அக்காவின் தாளில் அது 0.01. எண் குறைவாக இருந்ததால் நோயும் குறைவு என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், நெஞ்சுப் படபடப்போடு கழுத்து வீங்கிய பெண்களைப் பற்றி எழுதினார். மிகைச் சுரப்புக்கு முதல் காரணமான நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை விடாமல் தூண்டும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். சிலருக்குக் கண் பிதுங்கும். பீடி, சிகரெட் அதை இன்னும் மோசமாக்கும். சுரப்பியில் விழும் கட்டிகளாலும் சுரப்பு கூடலாம். கவனிக்காமல் விட்டால் இதயம் தாளம் தப்பும், எலும்பு தேயும்.

மறுநாளே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சுரப்பைக் கட்டுப்படுத்தக் கார்பிமசோல், படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் ப்ரோப்ரனலால். வீசிங் உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் இரண்டாவதை எழுதினார்கள். கார்பிமசோலைப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடம் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்குக் கட்டுப்படாவிட்டால் கதிரியக்க அயோடின் உண்டு, அறுவை உண்டு. அந்த இரண்டுக்கும் பிறகு பலருக்குச் சுரப்பு குறைந்து, ஆயுள் முழுக்கத் தைராக்சின் தேவைப்படும். அப்போதுதான் அந்த டப்பா வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்து.

கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய் ரத்த அணுக்களைப் பாருங்கள். அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும், அது உயிரோடு விளையாடும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரிப்போர்ட் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அதிகமா, குறைவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தவர் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.