தெரிந்த முகங்கள் உள்ள ஆஸ்பத்திரி



தொண்டைமானாற்றிலிருந்து மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகிற எவருக்கும் அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். துண்டு எழுதுகிற இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி, நோயாளர் விடுதியில், பள்ளியில் கூடப் படித்த நேர்ஸ், மருந்து கொடுக்கிற இடத்தில் சந்நிதித் திருவிழாவில் கண்டு கதைக்கிற ஒருவர். வயதுபோன அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கரு கலைந்து இரத்தப்போக்கோடு போகிற பெண்ணுக்கோ அதே முகங்கள்தான் பயம். டொக்டரிடம் சொல்வது நோயாளியின் குறிப்புத்தாளான டிக்கெட்டில் ஏறும். டிக்கெட்டில் ஏறியது ஊருக்குள் இறங்கிவிடுமோ என்று அவள் தவிக்கிறாள்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் நிற்கிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். 3 ஆண்டு வரை சிறை. கரு அசையத் தொடங்கியபின் என்றால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. வல்லுறவால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று வைத்தியர்கள் கைவிரித்த கருவுக்கும் விலக்கில்லை. 1995இல் நீதி அமைச்சர் ஜி. எல். பீரிஸ் கொண்டுவந்த திருத்தத்தில் இருந்த விலக்குகள் நாடாளுமன்ற விவாதத்தோடு கைவிடப்பட்டன. 2017இல் மறுபடி பேச்செழுந்து, மத அமைப்புகளின் எதிர்ப்பில் நின்றுபோனது.

அந்த விலக்குகள் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உங்களில் பலர் ஒப்பமாட்டீர்கள். உயிரைப் பற்றிய கேள்வி அது. ஒரு பக்கத்தில் தீர்த்துவிடக் கூடியதல்ல. ஆனால் ஆஸ்பத்திரிப் படலைக்குள் வந்துவிட்ட பெண்ணின் இரகசியத்தைக் காக்க, அந்த விவாதம் முடியும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

கரு தானாகக் கலைந்ததா, மாத்திரை போட்டுக் கலைந்ததா என்பதைப் பெரும்பாலும் வைத்தியராலேயே பரிசோதித்துப் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றுதான். கர்ப்பம் என்று தெரியவந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, சிலவேளை இருவருக்கு, கரு தானாகவே கலைகிறது. ஆகவே சந்தேகக் கண் திறந்துவிட்டால், ஆண்டுக்கணக்காகப் பிள்ளைக்கு ஏங்கி இழந்தவள்மேலும் அது விழும். பயந்தவள் உண்மையை மறைப்பாள். இல்லையென்றால் காய்ச்சலோடு வீட்டிலேயே சுருண்டு படுத்திருப்பாள். கருப்பையில் கிருமி தொற்றினால் மணித்தியாலங்களிலேயே உயிர் போகலாம். ஒளித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் அவளைக் கொல்லக்கூடிய நாள்.

நம் சட்டங்கள் இந்த இரகசியத்தை அரைகுறையாகவே காக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவருடைய மருத்துவக் குறிப்பை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியார் கேட்டுப்பெற முடியாது. நல்ல விஷயம். ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைக் காப்பதுபோல வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சைக் காப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குச் சிறப்புக் காவல் தருகிறது. 2025 மார்ச்சில் அமுலாகவிருந்த அதன் முக்கியப் பகுதிகளோ தள்ளிப்போடப்பட்டன.

அக்கரையில் இந்தியா, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வைத்தியர் வெளியிடுவதையே 2021இல் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அமெரிக்காவில் 2022இல் உச்சநீதிமன்றம் கருக்கலைப்புக்கான பழைய உரிமையை நீக்கியபின், மருத்துவக் குறிப்புகள் வழக்குத் தொடுப்பவர் கைக்குப் போகாதிருக்க 2024இல் ஒரு விதி வந்தது. அடுத்த ஆண்டே டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை இரத்துச் செய்துவிட்டது.

சட்டம் எப்படியிருந்தாலும், எங்கள் ஊர்களில் பொலிசுக்கு முன்னமே கதை போய்ச் சேருகிற இடம் கோயில் வீதி. விடுதியில் வேலை செய்கிற தம்பி தங்கைகளே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன்: வேலைக்குத் தேவையில்லாத டிக்கெட்டைத் திறக்காதீர்கள். அதைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வீட்டில் அம்மா “இன்றைக்கு யார் வந்தது?” என்று கேட்டாலும் சொல்லாதீர்கள். வீடுவீடாகப் போகும் குடும்பநல மாதுகள் பலர் எத்தனையோ குடும்பங்களின் கதையை நெஞ்சோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பண்பு நம்மிடம் புதிதாக வரவேண்டியதில்லை.

அடுத்த இதழில் மருத்துவக் குறிப்புகள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குச் சட்டத்தரணி ஒருவர் பதில் எழுதுவார். கேள்வியில் பெயரும் ஊரும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் கடிதங்களையும் உறைகளையும் நாங்கள் கிழித்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்