உணவுப் பாதுகாப்பின்மையும் கொத்தணிப் பகுப்பாய்வும்: அம்பாறைக் கரையோரம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

அம்பாறை மாவட்டத்தின் உணவு நிலையை மாவட்டச் சராசரியால் மதிப்பிடும் வழக்கம் கைவிடப்பட்டு, கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை அலகாகக் கொண்ட கொத்தணிப் பகுப்பாய்வு அதன் இடத்தில் வர வேண்டும் என்பதும், அப்பகுப்பாய்வின் முடிவு எந்தக் குடும்பத்துக்கும் உதவியை மறுக்கும் காரணமாகிவிடக் கூடாது என்பதும் இவ்வறிக்கையின் நிலைப்பாடாகும்.

2020இன் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு சேர்த்துப் பேசப்பட்ட கொரோனாத் தொற்றினால் 'கொத்தணி' என்ற சொல் இக்கரையில் வீட்டுச் சொல்லானது. அன்று அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியோரைக் குறித்தது. புள்ளிவிபரவியலில் அது, பல அளவீடுகளில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இடங்களின் தொகுதியைக் குறிக்கும். வருமானம், உண்ணும் உணவு, கடன், தொழில் முதலியவற்றைப் பொது அளவுகோலுக்குக் கொண்டுவந்து, இடங்களுக்கிடையிலான வேற்றுமையைத் தூரமாகக் கணித்து, கிட்ட நிற்பவற்றை ஒன்றாகச் சேர்ப்பதே இம்முறையாகும். அயலூர்கள் ஒரே கொத்தணியில் விழ வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

தெஹியத்தகண்டியின் மகாவலிக் குடியேற்றங்களும், கல்லோயா வாய்க்கால் பாயும் வயல்நிலங்களும், சுவரோடு சுவர் ஒட்டிய கல்முனை வீடுகளும் 20 பிரதேச செயலகப் பிரிவுகளாக ஒரே மாவட்டத்துக்குள் அடங்குகின்றன. நெல் விளையும் மாவட்டம் என்பதால் பசி இங்கு வராது என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. வட்டையில் நெல் நிலச் சொந்தக்காரரான போடியாருக்கு விளைகிறது, கூலிக்காரருக்கு அல்ல என்பதும், அறுவடை இயந்திரம் வந்த பிறகு சம்மாந்துறைக் கூலியாளின் வேலைநாட்கள் சுருங்கின என்பதும் சராசரிக்குள் மறைந்துபோகின்றன. மருதமுனை நெசவாளியின் அடுப்பு நூல் விலையோடு கட்டுண்டது. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சாய்ந்தமருதுத் தோணிகள் கரையேறிக் கிடக்க, அதே மாதங்களில் பொத்துவிலின் அறுகம்பையில் உல்லாசப் பயணிகளும் குறைகின்றனர். ஆகவே சாய்ந்தமருதின் மீனவர் தெரு, பக்கத்திலுள்ள கல்முனைக் கடைத்தெருவைவிடத் தொலைவிலுள்ள பொத்துவிலை ஒத்திருக்கக்கூடும். பாண்டிருப்புத் தமிழ் மீனவரும் மருதமுனை முஸ்லிம் மீனவரும் ஒரே கொத்தணியில் சேர்வார்களாயின், அந்த உண்மையை மறைக்கும் வகையில் இன எல்லை கணக்குக்குள் புகுத்தப்படக் கூடாது.

கணக்குக்குள் எது இடப்படுகிறதோ அதுவே கொத்தணியாக வெளிவரும் என்பதால், அளவீடுகள் குறித்த கவலை மிகப் பெரிது. உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வுப் புள்ளி, முந்தைய 7 நாட்களில் ஒவ்வோர் உணவு வகையும் எத்தனை நாள் உண்ணப்பட்டது என்று கேட்டு, தானியத்துக்கு 2, மீனுக்கும் இறைச்சிக்கும் 4, சீனிக்கு அரை என்னும் நிறைகளால் பெருக்கிக் கூட்டுவதாகும். தினமும் சோறும் மீனும் சீனி போட்ட தேநீரும் மட்டும் காணும் வீட்டுக்கு 14, 28, 3.5 எனச் சேர்ந்து 45.5 கிடைக்கிறது, போதிய உணவுக்கான எல்லை 35 ஆயினும், எண்ணெயும் சீனியும் மிகுதியாக உண்ணப்படும் நாடுகளுக்குரிய 42 ஆயினும், அவ்வீடு அதைத் தாண்டிவிடும். ஆணச் சட்டியில் கிடந்த நாலு கீரிமீன் எட்டுப் பேருக்குப் பங்கானது அந்த எண்ணில் தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமையில் கேட்டால், குர்பான் இறைச்சியால் வறிய வீடும் நிறைவான வீடாகப் பதிவாகும்.

2021இன் இரசாயன உரத் தடை வயலையும், 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு கடலையும் அடுத்தடுத்து முடக்கியபோது ஊர்களின் நிலை சில மாதங்களுக்குள் மாறியதால், ஒருமுறை வரைந்த கொத்தணியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் தவறாகும். 2023 மே மாதத்தில் நாட்டு மக்களில் 17 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 39 இலட்சம் பேர், உணவுப் பாதுகாப்பின்றி இருந்ததாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் மதிப்பிட்டன. நாடு முழுவதற்குமான அத்தகைய எண்ணைத் தெருவளவுக்கு இறக்கிப் பயன்படுத்த இயலாது.

எனவே கணக்கெடுப்பு ஆண்டுக்கு இருமுறை, தோணிகள் கரையேறும் மாதங்களிலும் பெரும்போக அறுவடையின் பின்னரும், நோன்பையும் பெருநாட்களையும் தவிர்த்து நடைபெற வேண்டும். மீனின் அளவும் கடைக் கொப்பியில் ஏறிய கடனும் அதில் கேட்கப்பட வேண்டும். அஸ்வெசும போன்ற நலன்புரித் திட்டங்களில் கொத்தணி, முதலில் எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதைக் காட்டலாமேயன்றி, அப்பிரிவுக்கு வெளியே பசித்திருக்கும் வீட்டின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யப் பயன்படலாகாது. கொத்தணி வரைபடம் இறுதியாக்கப்படுமுன் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பார்வைக்கு வைக்கப்பட்டு, தம் தெரு தவறாக வகைப்படுத்தப்பட்டுள்ளது என்று சொல்வோரின் ஆட்சேபம் எழுத்தில் பதியப்பட்டு எழுத்திலேயே பதில் பெற வேண்டும்.